சோலையம்மாளின் சுக்கான்

வெள்ளைத்துரை முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அதற்கு நாலு வருஷம் முன்பிருந்தே கடலில் ஓடும் தோணிக்கு அவர்தான் இரும்புச் சாமான் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு தோணிக்குச் சுக்கான் இரும்பு அடித்தோம் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நடந்தது அதுதான்.

என் பெயர் நேசகுமார். எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எனக்கும் வாத்தியார் வேலைதான் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள், அது கிடைக்கவில்லை. சுந்தரபாண்டி முதலாளியின் எண்ணெய் மில்லில் லோடு அனுப்புகிற கிளார்க்காகப் போய் ஒட்டிக்கொண்டேன். இந்தக் கதையில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நான் ஏதோ பெருந்தன்மை காட்டுவதாக நினைப்பீர்கள்.

வெள்ளைத்துரை எங்கள் மில்லில் மெஷின் பார்க்கிற பிட்டர். ஊர் ஆமத்தூர். காலையில் ஆறு மைல் நடந்து மில்லுக்கு வருவார், பொழுது சாய ஆறு மைல் நடந்து திரும்புவார். சைக்கிள் வாங்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "வாங்குனா அதையும் நான்தான் ரிப்பேர் பாக்கணும் தம்பி" என்றார். அவர் பேச்சில் எப்போதும் அந்தச் சலிப்பு இருக்கும். கோபமாக மாறாத சலிப்பு. அவருடைய அப்பா மானாவாரிக் காட்டில் கூலிவேலை பார்த்தவர். மழை பெய்தால் சோறு, பெய்யாவிட்டால் கஞ்சி என்று வளர்ந்த குடும்பம். பதினாறு வயதில் சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனிக்குப் போயிருக்கிறார். அங்கே காகிதத்தைச் சுற்றி வெடிக்குழாய் செய்ய வழுவழுப்பான இரும்புக் கம்பி வேண்டும். காகிதம் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஆனால் இழுத்தால் கிழியாமல் கழன்று வரவும் வேண்டும். அந்தக் கம்பிகளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் வெள்ளைத்துரை தொழில் படித்தார். எது இறுக்கம், எது தளர்ச்சி என்பது அவருடைய கைக்குத் தெரியும். ஒரு முளையை ஓட்டைக்குள் விட்டு, காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். "பேசுது" என்றால் தளர்ச்சி. திரும்பக் கடைசல் லேத்துக்குப் போகும்.

சுந்தரபாண்டி முதலாளி மிளகாய் வற்றலும் வெங்காயமும் கொழும்புக்கு அனுப்புகிறவர். தூத்துக்குடியிலிருந்து பாய்மரத் தோணியில்தான் சரக்குப் போகும். வருஷக்கணக்காக அடுத்தவன் தோணிக்குக் காத்துக் கிடந்து அலுத்துப்போய், ஐம்பத்தைந்தில் ஒரு பழைய தோணியை விலைக்கு வாங்கினார். அதற்குத் தன் தாயார் பெயரை வைத்தார், சோலையம்மாள். தோணி கொஞ்சம் சம்பாதித்துக் கொடுக்கவே, ஐம்பத்தொன்பதில் புதிதாக இன்னொன்று கட்டினார். அதற்கு மனைவி பெயர், மாரித்தாய். முதல் தோணி வாங்கியபோதே, தூத்துக்குடிப் பட்டறைகளில் காத்திருக்க முடியவில்லை, நம் மில்லிலேயே லேத் இருக்கிறது, பிட்டர் இருக்கிறான் என்று இரும்பு வேலை முழுவதையும் வெள்ளைத்துரையின் தலையில் கட்டினார்.

சுக்கான் என்பது தோணியின் பின்னால் தொங்குகிற பெரிய பலகை. தோணி திரும்புவதும் நேரே போவதும் அதன் கையில்தான் இருக்கிறது. பலகையில் மூன்று இரும்பு முளைகள் இருக்கும். தோணியின் பின்புறத்தில் மூன்று இரும்பு வளையங்கள் இருக்கும். முளை வளையத்துக்குள் உட்கார்ந்தால் கதவு கீலில் ஆடுகிற மாதிரி சுக்கான் இடமும் வலமும் திரும்பும். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதுவும் தோணித் தச்சர் எழுதி அனுப்பிய கடிதத்தில் படித்தது. அளவுக்கு அவர் மரக்கட்டையைச் செதுக்கி அனுப்புவார். வளையத்துக்குள் சரியாக நுழைகிற கட்டை. அதன் பருமனுக்கு முளையைக் கடைந்தால் போதும்.

சோலையம்மாளின் வளையங்கள் முப்பது வருஷம் தேய்ந்தவை, ஓட்டை பெருத்துவிட்டது. அதனால் வெள்ளைத்துரை அதற்குப் பருத்த முளைகளாகச் செய்து அனுப்புவார். மாரித்தாய்க்குப் புது வளையம், சின்ன ஓட்டை, ஒல்லி முளை. முளைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி இரண்டுக்கும் ஒன்றுதான். இந்த நிலையில் அந்த வருஷம் ஐப்பசியில் சோலையம்மாள் கரை திரும்பும்போது மணல் திட்டில் இடித்துச் சுக்கான் பிளந்துவிட்டது. முளையெல்லாம் வளைந்து நாசம். புதுச் சுக்கானுக்கு இரும்பு வேண்டும் என்று கடிதம் வந்தது.

முதலாளி பட்டறைக்கே வந்துவிட்டார். "ஏலே வெள்ளை, செய்யுறதுதான் செய்யுத, ரெண்டு தோணிக்கும் பொருந்துற மாதிரி செஞ்சிரு. நாளைக்கு அது ஒடைஞ்சா இது, இது ஒடைஞ்சா அது. மாமியாளுக்கும் மருமகளுக்கும் ஒரு சுக்கான் போதும்லே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"அது பொருந்தாதுங்க முதலாளி. பெரிய முளை சின்ன ஓட்டையில நொளையாது. சின்ன முளை பெரிய ஓட்டையில ஆடும்."

"ஆடுனா என்ன?"

"அலையில தூக்கி அடிச்சா முளை வளையத்த விட்டு எந்திரிச்சிரும்னு தச்சர் எழுதியிருக்காரு. சுக்கான் கழண்டா நடுக்கடல்ல தோணி நின்ன எடத்துல சுத்துமாம்."

"ஒனக்குத் தெரியாததா. ஏதாவது பண்ணு" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். மதுரையில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். ஒரு வாரம் அங்கேதான் இருப்பார்.

வெள்ளைத்துரை இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் ஒல்லி முளைகளே செய்தார். கூடவே மூன்று புஷ் கடைந்தார். முளையின்மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்கிற இரும்புக் குழாய். அரைக்கால் அங்குலக் கனம். சோலையம்மாளுக்குப் போடும்போது முளையில் புஷ்ஷை மாட்டினால் முளை பருத்துவிடும். மாரித்தாய்க்கு வேண்டுமென்றால் புஷ்ஷைக் கழற்றிவிடலாம். வைஸ் பிடியில் முளையை நிமிர்த்தி வைத்து இறுக்கி, புஷ்ஷை மாட்டி, அதன்மேல் ஒரு பழைய வளையத்தை இறக்கி எனக்குக் காட்டினார். காதை வைத்துப் பார்த்தார். பேசவில்லை. அவர் முகத்தில் சந்தோஷத்தை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வந்தது. தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அந்தச் சீசனில் எங்கள் பக்கம் லாரி கிடைப்பதே பெரும்பாடு. எல்லா லாரியும் வெடி லோடுக்குப் போய்விடும். டிரைவர் சின்னச்சாமி மிளகாய் மூட்டையைத் தூத்துக்குடியில் தள்ளிவிட்டு விடிவதற்குள் சிவகாசிக்குத் திரும்ப வேண்டும் என்று வாசலில் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். முளைகளை ஏற்றிவிட்டோம். வெள்ளைத்துரை மூன்று புஷ்ஷையும் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"தம்பி, இத முளையோட சேத்துக் கம்பியால கட்டிருங்க. தண்டலுக்கு ஒரு லெட்டரும் எழுதிருங்க. இது இல்லாம சோலையம்மாளுக்கு மாட்டக் கூடாது."

தண்டல் என்றால் தோணியின் தலைவர். சோலையம்மாளுக்கு அப்போது கயத்தான் என்பவர் தண்டல். நான் சரி என்றேன். பொட்டலத்தைச் சன்னலில் வைத்துவிட்டு, கம்பி எடுக்கத் திரும்பினேன். அதற்குள் சின்னச்சாமி மூட்டை இரண்டு குறைகிறது என்று சண்டைக்கு வந்தான். அவனோடு சேர்ந்து எண்ணி, கத்தி, கையெழுத்து வாங்கி, ஒருவழியாக லாரி கிளம்பிப் போனது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் மில்லுக்கு வந்தபோது வெள்ளைத்துரை என் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் அந்தப் பொட்டலம்.

"இது போகலையா தம்பி?"

அப்போது நான் ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். "என்னண்ணே, இது எப்படி இங்கன வந்துச்சு?" என்றுதான் வாயில் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "நான்தான் வச்சுட்டுப் போயிட்டேன் போல" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் சோலையம்மாள் புறப்படுகிறது. அது இரண்டு பேருக்கும் தெரியும். தோணியில் தண்டலோடு ஏழு பேர். தந்தி அடிக்கலாமா என்று அவர் கேட்டார். முதலாளி கையெழுத்து இல்லாமல் தோணியை நிறுத்தச் சொல்லி நான் தந்தி அடித்தால் என் வேலை என்ன ஆகும் என்று யோசித்தேன். "முதலாளி இல்லாம எப்படிண்ணே" என்றேன். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். இதை நியாயம் என்று சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

"அப்ப நான் போயிட்டு வாரேன்" என்றார் வெள்ளைத்துரை.

"மில்லு ஓடுதே. நீங்க இல்லாம ஏதாவது நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நிக்கும். மில்லு நின்னா நெலத்துலதான நிக்கும்."

மத்தியானம் உப்பு இறக்கிவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்புகிற காலி லாரி ஒன்றில் ஏறிப் போனார். வீட்டுக்குச் சொல்லியனுப்பக்கூட நேரமில்லை. அவர் மனைவி வேலுத்தாய் ஆமத்தூரில் தீப்பெட்டி ஒட்டுகிறவள். அந்த வழியாகப் போகிற ஆளிடம் நான் சொல்லிவிட்டேன். அந்த அளவுக்குத்தான் நான் உபயோகப்பட்டேன்.

இனிமேல் நான் சொல்வது அவர் சொன்னது கொஞ்சம், கயத்தான் தண்டல் பிற்பாடு சொன்னது கொஞ்சம்.

பொழுது சாயும் நேரத்தில் தூத்துக்குடியில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கரைக்குப் போயிருக்கிறார். கடலைப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் என்னிடம் சொன்னார். "நம்ம ஊருப் பொட்டல்ல தண்ணிய ஊத்துன மாதிரி இருந்துச்சு தம்பி." புதுச் சுக்கான் மணலில் படுக்கப் போட்டிருந்தது. தச்சர் இரும்பை எல்லாம் அடித்து முடித்துவிட்டார். காலையில் மாட்டுவதுதான் பாக்கி. நல்லவேளை என்று வெள்ளைத்துரை அந்தச் சுக்கான் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு ஆட்கள் வந்தார்கள். வெள்ளைத்துரை தான் யார் என்று சொல்லி, மூன்று புஷ்ஷையும் கிரீஸ் தடவி முளைகளில் மாட்டினார். தண்டல் எடுத்துப் பார்த்து, "நல்ல வேலைவே" என்றார். ஏழு பேரும் சுக்கானைத் தூக்கித் தண்ணீருக்குள் இறங்கினார்கள். தோணியின் பின்புறத்துக்குக் கொண்டுபோய், வளையத்துக்கு மேலே நிமிர்த்திப் பிடித்தார்கள்.

முதல் புஷ் தண்ணீரில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதை ஒருவர் காலால் தடுத்துப் பிடித்தார்.

முளைகள் எல்லாம் கீழ்நோக்கி இருந்தன. நாலு வருஷமாக அந்த முளையைச் செய்கிற மனிதர், அது எந்தப் பக்கம் பார்த்துத் தொங்கும் என்று அன்றைக்குத்தான் கண்டார். பட்டறையில் வைசில் நிமிர்த்தி வைத்தே செய்து, நிமிர்த்தி வைத்தே சரிபார்த்து, நிமிர்ந்துதான் நிற்கும் என்று நினைத்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான், எனக்கும் தோன்றவில்லை. தச்சருக்கு அதை எழுத வேண்டும் என்று தோன்றியிருக்காது. கடற்கரையில் பிறந்தவனுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய சங்கதியா?

ஒருவர் முங்கி இரண்டு புஷ்ஷையும் எடுத்து வந்தார். தோணிக்காரர்கள் சிரித்தார்கள். வெள்ளைத்துரை இடுப்பளவு தண்ணீரில் நின்று வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "இந்தப் புஷ்ஷு மேல்விளிம்புல வெளிய நீட்டுற மாதிரி ஒரு உதடு வைக்கணும். வளையத்துல மொதல்ல புஷ்ஷ எறக்கிட்டா உதடு தாங்கிக்கிடும். பெறகு முளைய விடலாம். எங்கன வெல்டிங் இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைவே. ஒரு பட்டறையும் தொறக்க மாட்டான்" என்றார் தண்டல். "காத்து நல்லா இருக்கு. வேற மூணு தோணி கெளம்புது. நாங்க முளையில தோலச் சுத்தி எறக்கிக்கிடுவோம். எங்க அப்பன் காலத்துலருந்து செய்யுறதுதான்."

"தோலு எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"

"கொழும்பு வரைக்கும் தாங்கும்."

"தாங்காட்டி?"

அதற்குள் முதலாளியின் ஏஜெண்டு வந்து சேர்ந்தார். சரக்கு முந்திப் போகிற தோணிக்குத்தான் கொழும்பில் விலை, கிளம்புங்கள் என்று அவசரப்படுத்தினார். ஆட்கள் சுக்கானைக் கரைக்குக் கொண்டுவந்து தோல் சுற்றுவதற்காகப் படுக்கப் போட்டார்கள். வெள்ளைத்துரை போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிவே" என்றார் தண்டல்.

"எந்திரிக்க மாட்டேன்."

"நீ கடல்ல போயிருக்கியா?"

"இல்ல."

"பெறவு எங்களுக்குச் சொல்ல வந்துட்ட?"

"கடல் எனக்குத் தெரியாதுங்க. ஆடுற முளை தெரியும். கால் அங்குலம் தளர்ச்சி. தோலு நனைஞ்சு பிஞ்சா முளை எந்திரிச்சிரும். நான் செஞ்ச முளையில ஏழு பேரு போகப் போறீக. நாளைக்குப் பட்டறை தொறக்கட்டும். ஒரு நாள்."

ஏஜெண்டு கத்திப் பார்த்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். வெள்ளைத்துரை வெயிலில் உட்கார்ந்தே இருந்தார். நாலு பேர் சேர்ந்தால் அவரைத் தூக்கிப் போட்டிருக்கலாம். கயத்தான் தண்டல் ஏன் செய்யவில்லை என்று நான் பிறகு கேட்டேன். "அந்த ஆளுக்குப் பசி. சனிக்கிழமையிலருந்து ஒண்ணும் தின்னல போல. ஆனாலும் எந்திரிக்க மாட்டேங்காரு. கடல் பாக்காத ஒருத்தன் எங்களுக்காக அப்படி உக்காந்தா, அவனத் தூக்கிப் போட்டுட்டுக் கடலுக்குப் போக எங்களுக்கு மனசு வரல" என்றார். அவர் வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும் கொண்டுவரச் சொல்லி, சுக்கான்மேல் உட்கார்ந்தபடியே சாப்பிட வைத்திருக்கிறார். மூன்று தோணியும் பாய் விரித்துப் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பட்டறை திறந்ததும் வெல்டிங் நடந்தது. வெள்ளைத்துரையே அரத்தால் தேய்த்து உதட்டைச் சரிசெய்தார். சாயங்காலம் சுக்கான் ஏறியது. அடிவளையம் தண்ணீருக்குள் இருந்ததால் சங்கு குளிக்கிற ஆள் ஒருவர் முங்கி அதில் புஷ்ஷை உட்கார வைத்தார். தண்டல் சுக்கானை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். எள்ளளவும் ஆடவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போது சோலையம்மாள் கிளம்பியது. போய்ச் சேர்ந்தது, திரும்பியும் வந்தது. ஏழு பேரும் வந்தார்கள். வழியில் ஒரு நாள் கடல் கொந்தளித்தது என்றும், அதற்கு முந்திப் போன மூன்று தோணியும் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன என்றும் கேள்விப்பட்டோம்.

கொழும்பில் விலை விழுந்துவிட்டது. முந்திப் போனவர்கள் அதற்கு முன்பே விற்றுவிட்டார்கள். முதலாளி மதுரையிலிருந்து வந்த இரண்டாம் நாள் எல்லாம் காதுக்கு எட்டியது. மில்லும் திங்கட்கிழமை பாதி நாள் நின்றிருந்தது. பெல்ட் அறுந்ததைப் பார்க்க ஆளில்லை. அவர் எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் மோசமான மனிதர் இல்லை. தாயார் பெயர் வைத்த தோணியைப் பற்றி இப்படி ஒரு பேச்சு கடற்கரை முழுக்க நடந்ததில் அவருக்கு அவமானம்.

"தோலச் சுத்திப் போனா என்னலே ஆயிருக்கும்? அவனுக பரம்பரையாச் செய்யலையா?"

"ஆகாமலும் இருந்திருக்கலாங்க" என்றார் வெள்ளைத்துரை.

"பெறகு?"

"ஆயிருந்தாலும் ஆயிருக்குங்க."

"ஒண்ணும் ஆகலையே. எல்லாத் தோணியும் போயிருச்சே. என் சரக்குதான கெட்டுச்சு." முதலாளி மேசையைத் தட்டினார். "சரி, அந்த புஷ்ஷு லாரியிலேயே போயிருந்தா இந்தக் கூத்தே இல்லைல்லா? அத இங்கன விட்டது யாரு?"

வெள்ளைத்துரை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. அதையே பார்த்தேன்.

"நான்தாங்க முதலாளி. மறந்துட்டேன்" என்றார்.

முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. எனக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த வருஷம் சம்பளமும் கூடியது.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேள்விப்படுவேன். விருதுநகரில் வேறு மில் ஒன்றும் அவரைச் சேர்க்கவில்லை. முதலாளி பேச்சை மீறி லோடை நிறுத்தியவன் என்று பெயர் பரவிவிட்டது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் மரம் சீவும் மெஷினைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பிறகு அதுவும் மூடிவிட்டது, சிவகாசிக்குப் போய்விட்டார் என்றார்கள். நான் ஒருமுறைகூடத் தேடிப் போகவில்லை. போகவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் நினைப்பேன். கோயிலை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோகும். மறந்தது என்று சொல்வதும் பொய்தான். பயம்.

அறுபத்தாறில் ஒரு நாள் ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். சிவகாசி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கு. என்னைப் பார்த்ததும், "தம்பி, நல்லா இருக்கீகளா? அம்மா சௌக்கியமா?" என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

நான் வேலுத்தாயைப் பற்றிக் கேட்டேன். பெட்டி ஒட்டி ஒட்டி விரலெல்லாம் வெடித்து, இப்போது முடியாமல் வீட்டில் இருக்கிறாள் என்றார். மகள் கம்பெனிக்குப் போகிறாள். இவர் ஒரு அச்சாபீசில் மெஷின் பார்க்கிறார். "பழைய மெஷினு ஒண்ணு, புதுசு ஒண்ணு. ஒண்ணோட சாமான் இன்னொண்ணுக்குச் சேராது. ரெண்டுக்கும் நடுவுல நான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதுகூட அந்தச் சலிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை.

இதைவிட்டால் இனிச் சொல்ல முடியாது என்று தோன்றியது. "அண்ணே, அன்னைக்கு அந்தப் பொட்டலம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. ஒங்க கையிலதான குடுத்தேன்."

"பெறகு ஏன் முதலாளிகிட்டச் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீங்க விட்டதும் நல்லதுக்குத்தான். லாரியில போயிருந்தா, அவுக மாட்டும்போது மூணும் தண்ணியில விழுந்திருக்கும். கழுத, போனாப் போகுதுன்னு தோலச் சுத்திக்கிட்டுக் கெளம்பியிருப்பாக. இங்க நமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நீங்க மறந்ததுனால நான் போனேன். போனதுனாலதான் முளை எந்தப் பக்கம் பாக்குதுன்னு கண்டேன். தப்பு எம்பேர்லதான தம்பி. கீள பாக்குற முளைக்கு மேல தொப்பி செஞ்சவன் நான்."

ஏழு வருஷமாக என் நெஞ்சில் கிடந்ததை அவர் ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தன் கணக்கில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு கணம் லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சிவகாசி பஸ் வந்து நின்றது. அவர் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு படியில் கால் வைத்தார். வைத்தவர் திரும்பினார்.

"மறந்ததெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, யாருதான் மறக்கல. முதலாளி கேட்டப்போ நான் ஒங்க மொகத்தப் பாத்தேன். ஒங்க பேரச் சொல்லணும்னு பாக்கல. எனக்குப் பக்கத்துல ஒரு ஆளு நிக்காரான்னு பாத்தேன். நீங்க கீள பாத்துட்டீக."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார இடமில்லை போல, அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார்.